பெல்பாட்டப் புராணம்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி தங்கையர், "உங்கள் காலத்து உடையைப் பற்றி எழுதுங்கள், இப்போது அதுதான் மறுபடியும் மோஸ்தர்" என்றார்கள். 'உங்கள் காலம்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். ஆகவே இதுவும் என் காலம்தான். ஆனாலும் அவர்கள் கேட்டது நியாயமே. 1974ஆம் ஆண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாவாடை தாவணியோடு தில்லிக்கு எம்.ஏ. படிக்க வந்தவள் நான். எழுபதுகளின் உடை என்று இன்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அது என் கண் முன்னே வந்தது. கண் முன்னே போயிற்று. இப்போது கண் முன்னே திரும்பியும் வந்திருக்கிறது. ஆகையால் இந்தப் புராணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஜேம்ஸ் லேவர் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். உடையின் வரலாற்றை ஆராய்ந்தவர். ஓர் உடை காலப்போக்கில் எப்படிப் பார்க்கப்படும் என்பதற்கு அவர் 1937ஆம் ஆண்டிலேயே ஒரு கணக்குப் போட்டு வைத்தார். தன் காலத்துக்கு 10 ஆண்டு முன்னால் வந்தால் அந்த உடை மானக்கேடு; உரிய காலத்தில் வந்தால் அழகு; 10 ஆண்டு கழிந்தால் அருவருப்பு; 20 ஆண்டில் கேலிக்கூத்து; 30 ஆண்டில் வேடிக்கை; 50 ஆண்டில் ரசிக்கத்தக்க பழமை. 1974உடன் 50ஐக் கூட்டிப் பாருங்கள். என்னிடம் இப்போது ஏன் கட்டுரை கேட்கிறார்கள் என்பது விளங்கிவிடும்!

அந்தக் காலத்து ஆடவர் கோலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தலையில் காதை மூடும் முடி. கன்னத்தில் பாதி வரை கிருதா. சட்டைக்கு நாய்க்காது காலர். தோள் வரை நீண்டு, காற்றடித்தால் பறக்கும். இடுப்பில் கையகலப் பெல்ட்டு. அதற்குக் கீழே பெல்பாட்டம். தொடையைக் கவ்விப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே மணிபோல் விரிந்து, செருப்பையும் மறைத்துத் தரையைப் பெருக்கும். 'யானைக்கால் பான்ட்டு' என்று ஊரில் அதற்கு ஒரு பெயர். கீழ்விளிம்பு தேயாமல் இருக்க உள்பக்கம் பழைய ஜிப்பை வைத்துத் தைப்பார்கள். நடக்கும்போது சரசரவென்று ஓசை வரும். பெண்களுக்கோ நைலக்ஸ் புடவை, மாக்ஸி, புள்ளி போட்ட துணி. ராஜ் கபூரின் 'பாபி' 1973இல் வெளிவந்ததிலிருந்து அந்தப் புள்ளித் துணிக்குப் 'பாபி பிரிண்ட்' என்றே பெயராகிவிட்டது. தமிழ்ப் படங்களும் பின்தங்கவில்லை. அதே 1973இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' வண்ண வண்ணச் சட்டைகளை ஊரெங்கும் பரப்பியது. 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' வரும்போது பெல்பாட்டம் அணியாத கதாநாயகனே இல்லை என்ற நிலை.

இவ்வளவுக்கும் அடிப்படை துணி. பருத்தியில் பெல்பாட்டம் நிற்காது. ஒரு துவைப்பில் தொய்ந்துவிடும். பாலியெஸ்டரோ மடிப்புக் கலையாது, சீக்கிரம் உலரும், இஸ்திரி அதிகம் வேண்டாம். 1941இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த இழை நம் நாட்டு ஆலைகளிலும் இறங்கியபின், 67 பங்கு பாலியெஸ்டரும் 33 பங்கு பருத்தியும் கலந்த டெரிகாட்டன் குமாஸ்தாக்களின் கனவாயிற்று. விலைதான் கொஞ்சம் எட்டாத உயரம். தீபாவளிக்கு ஒரு டெரிகாட்டன் சட்டை எடுத்தவர், அடுத்த தீபாவளி வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கரோல்பாகில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், 'பர்ஸாத்தி' என்று தில்லியில் சொல்லும் ஒற்றையறையும் சமையற்கட்டும் கொண்ட இடத்தில், என் சித்தப்பாவும் சித்தியும் ஒரு பையனோடு குடியிருந்தார்கள். சித்தப்பா மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. நான்காவது ஆளாக நான் போய்ச் சேர்ந்தேன். ஜூலையில் வந்தபோது தாவணி போதுமானதாக இருந்தது. நவம்பரில் குளிர் வந்தது. தாவணிக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை என்று மேலே எவ்வளவு போர்த்தினாலும், பாவாடைக்குக் கீழே நுழையும் காற்றுக்கு யார் பதில் சொல்வது? காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடும்போது ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் தாவணித் தலைப்பு. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. போதாக்குறைக்குத் தாவணியைக் கண்டவுடனே 'மதராஸி' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். டிசம்பர் முதல் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தேன்.

சித்திக்கு அப்போது 34 வயது. அதிகம் பேசமாட்டாள். உஷா தையல் இயந்திரம் ஒன்று அவளிடம் இருந்தது. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து அதில் பால் கணக்கைச் சமாளிப்பாள். நான் காய்ச்சலில் கிடந்தபோது சித்தப்பாவின் பழைய கம்பளிப் பான்ட்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அது அறுபதுகளில் தைத்த குழாய்ப் பான்ட்டு. சித்தப்பாவின் இடுப்பு அதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. சல்வார் கமீஸ் தைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் புதுத்துணி வாங்க வேண்டும். விலைவாசி விஷம்போல் ஏறிய வருஷம் அது. பழைய பான்ட்டுக்கோ நூல் செலவு மட்டும்தான்.

சித்தி இடுப்பைப் பிடித்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கத் தையலையும் பிரித்தாள். சாம்பல் நிறப் பான்ட்டுக்குப் பொருத்தமான துணி கிடைக்காததால், ஒரு கருநீலக் கோட்டின் மிச்சத்திலிருந்து முக்கோணமாக நான்கு துண்டு வெட்டி அந்த இடைவெளிகளில் வைத்துத் தைத்தாள். 14 அங்குலமாக இருந்த கால்விளிம்பு 24 அங்குலமாயிற்று. நான் அதையும் ஒரு கதர்க் குர்தாவையும் அணிந்து வகுப்புக்குப் போன முதல் நாள், பஞ்சாபித் தோழிகள் சூழ்ந்துகொண்டு, "இரட்டை வண்ணம் புது மோஸ்தர் போலிருக்கிறதே, எந்தக் கடை?" என்று கேட்டார்கள். வறுமைக்கு மோஸ்தர் என்று இன்னொரு பெயர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தைத்து முடித்த இரவு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் தூங்கிவிட்டதாக எண்ணி, சித்தி அந்தப் பான்ட்டைத் தானே அணிந்து, அலமாரிக் கண்ணாடி முன் நின்றாள். ஒரு பக்கம் திரும்பினாள், மறுபக்கம் திரும்பினாள். ஒரு காலை நீட்டி விளிம்பு விரிவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கழற்றி மடித்து என் புத்தகங்களின் மேல் வைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாளும் நைலக்ஸ் புடவைதான். அதன்பின் எந்நாளும் புடவைதான்.

இது இப்படியிருக்க, தில்லி பார்க்க வந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் செய்தியும் சொன்னார். அடுத்த வாரம் சித்தப்பாவுக்கு அப்பாவின் கடிதம் வந்தது. "இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் நலமறிய அவா" என்று தொடங்கிய கடிதம் மூன்றாவது வரியில் நலத்தை விட்டுவிட்டது. பெண்ணைப் படிக்க அனுப்பினேனே தவிர வேஷம் போட அனுப்பவில்லை என்றும், மாதக் கடைசியில் நேரில் வந்து அழைத்துப் போவதாகவும், டி.சி. வாங்கி வைக்கும்படியும் எழுதியிருந்தார். எங்கள் ஊரிலிருந்து எம்.ஏ. படிக்கப் போன முதல் பெண் நான். அது நின்றால் எனக்குப் பின்னால் யாரும் போகப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

சித்தப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மௌனமானார். பதில் எழுதியது சித்தி. மைத்துனருக்கு அவள் எழுதிய முதல் கடிதமும் கடைசிக் கடிதமும் அதுதான். "அத்தான் அவர்களுக்கு நமஸ்காரம். பான்ட்டுத் தைத்தது நான். பிள்ளை மேல் குற்றமில்லை. தாங்கள் அவசியம் வர வேண்டும். வந்து குளிரைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறோம்." இவ்வளவுதான் கடிதம்.

அப்பா ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். எட்டு முழ வேஷ்டி, சட்டை, மேலே ஒரு துண்டு, கழுத்தில் மப்ளர். அவர் வாழ்நாளில் கால்சட்டை அணிந்தவரில்லை; அதைச் 'சராய்' என்றுதான் சொல்வார், அதுவும் கொஞ்சம் இளக்காரமாக. முதல் நாள் வைராக்கியமாக இருந்தார். இரண்டாம் நாள் டி.சி. விஷயமாக என்னோடு பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். மூடுபனியில் பேருந்து வரவில்லை. முக்கால் மணி நேரம் நிறுத்தத்தில் நின்றோம். பக்கத்தில் நின்ற என் கால்களையும் தம் கால்களையும் அவர் மாறி மாறிப் பார்ப்பதை நான் கவனிக்காதது போல் இருந்தேன். திரும்பி வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை.

சித்தி ஒன்றும் சொல்லாமல் சித்தப்பாவின் பான்ட்டு ஒன்றைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தாள். சித்தப்பா மோஸ்தர் பிரியர் அல்லர். ஆனால் அப்போது அஜ்மல்கான் சாலைத் தையற்காரர் எவரும் குழாய்ப் பான்ட்டுத் தைக்க ஒப்பவில்லை. ஆகவே அவருடைய ஆபீஸ் பான்ட்டும் 20 அங்குலத்துக்கு விரிந்திருந்தது. அப்பா அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் நுழைந்து, மாடி வெயிலில் வந்து உட்கார்ந்தார். நீண்ட நேரம் கழித்துச் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஏல, இதுக்குக் கால்மாட்டுல என்னத்துக்கு இம்புட்டு அகலம்? அதுல இன்னொரு நிஜார் தச்சிரலாமே!"

டி.சி. பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. பத்து நாள் இருந்து குதுப்மினார் எல்லாம் பார்த்துவிட்டு அவர் தனியாகத் திரும்பினார். புறப்படும்போது சித்தியிடம், "அவ படிப்ப முடிச்சுட்டே வரட்டும். ஊருக்கு வாரப்ப மட்டும் இது வேண்டாம்" என்றார். அந்த ஒப்பந்தத்தை நான் மீறவில்லை. விடுமுறைக்குப் போகும்போது விஜயவாடா வந்ததும் புடவைக்கு மாறிவிடுவேன். என் பெல்பாட்டத்தின் தென் எல்லை விஜயவாடா.

படிப்பு முடிந்து நான் வேலை தேடிக்கொண்டிருந்த சமயம், மோஸ்தர் அரசியலிலும் புகுந்தது. நெருக்கடி நிலைக்குப் பின் தேர்தல் அறிவித்திருந்தார்கள். 1977 பிப்ரவரி 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் மாபெரும் கூட்டம். ஜெயப்பிரகாஷ் நாராயணனும் ஜகஜீவன் ராமும் பேசுவதாக ஏற்பாடு. அன்று மாலை தூர்தர்ஷனில் 'பாபி' படத்தைப் போட்டார்கள். ஜனங்கள் புள்ளிச் சட்டையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று யாரோ கணக்குப் போட்டார்கள் போலும். கணக்குத் தப்பியது, மைதானம் நிரம்பி வழிந்தது. பெல்பாட்டம் அணிந்தவர்களெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகள் என்று எண்ணியவர்களுக்கு மார்ச் மாதம் வந்த தேர்தல் முடிவு பாடம் புகட்டியது.

பிறகு எண்பதுகள் பிறந்தன. விரிந்த கால் சுருங்கிற்று. லேவர் சொன்ன கணக்குப்படியே, நேற்றைய அழகு இன்றைய அசிங்கமாயிற்று. கிருதா வைத்த பழைய படங்களை ஆல்பத்திலிருந்து எடுத்து ஒளித்தவர்களை நான் அறிவேன். சித்தி என்ன செய்தாள் தெரியுமா? 1981இல் அவள் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது, என் பான்ட்டை வாங்கி, அந்த நான்கு முக்கோணங்களையும் பிரித்தெடுத்துவிட்டுப் பழையபடி குழாயாகத் தைத்துக் கொடுத்தாள். தந்தையிடமிருந்து புறப்பட்ட பான்ட்டு என் வழியாக மகனிடம் போய்ச் சேர்ந்தது. மோஸ்தர் சக்கரம் சுற்றுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது ஒரே துணிக்குள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியதை நான் பார்த்தேன்.

சக்கரம் அதோடு நிற்கவில்லை. தொண்ணூறுகளில் மேல்நாட்டில் விரிந்த கால் மறுபடி தலைகாட்டி, 'பூட்கட்' என்ற அடக்கமான பெயரில் நம்மிடமும் வந்தது. 2007இல் 'ஓம் சாந்தி ஓம்' எழுபதுகளைக் கொண்டாடிச் சிரித்தது. 2008இல் 'சுப்ரமணியபுரம்' 1980ஆம் ஆண்டு மதுரையைத் தாடியும் பெல்பாட்டமுமாகக் கண்முன் நிறுத்தியது. பிறகு பெண்களுக்குப் பலாஸோ வந்தது. 2021இல் 'சார்பட்டா பரம்பரை' நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையைக் காட்டியது. இன்று நம் வளாகத்தில் நடந்தால் பத்துப் பேரில் மூவர் கால் அகன்றிருக்கிறது. சரோஜினி நகரில் பேரம் பேசி வாங்கி வருகிறார்கள். இரண்டு பருவம் கழித்து வீசிவிடுகிறார்கள். உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் இன்று பாலியெஸ்டர்தான். எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது இப்போது குப்பை மேட்டில் மக்காமல் கிடக்கிறது. இது ஒன்றுதான் எனக்கு உங்களிடம் உள்ள குறை.

இன்னொரு உண்மையும் உண்டு. நாங்கள் அணிந்ததும் புதியதன்று. விரிந்த கால்சட்டை 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பல் மாலுமிகளின் உடை. தளத்தைக் கழுவும்போது முழங்கால் வரை சுருட்டிக்கொள்ள வசதி என்பார்கள். அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் படையின் உபரித் துணிக்கடைகளில் அதை மலிவாக வாங்கி அணிந்ததிலிருந்து உலகம் பற்றிக்கொண்டது.

எழுபதுகளிலேயே பழையதைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை பெரிய அளவில் நடந்தது. 1971 ஜனவரியில் பாரிஸ் நகரில் இவ் சான் லோரான் என்ற உடைக் கலைஞர், 1940களின் போர்க்கால உடைகளைத் தழுவி ஒரு புதுத் தொகுப்பை வெளியிட்டார். பத்திரிகைகள் கொதித்தன. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் வாழ்ந்த தலைமுறைக்கு அந்தத் தோளும் அந்தக் குட்டைப் பாவாடையும் பசியையும் அச்சத்தையும் நினைவூட்டின. இளம்பெண்களுக்கோ அவை வெறும் அழகு; வாங்கி அணிந்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. உடை திரும்பி வரும்போது அதன் வடிவம் மட்டுமே வருகிறது. அதைச் சுற்றி நடந்த வழக்கு வருவதில்லை. என் பெல்பாட்டம் எனக்கு உடையாக இருந்ததைவிட வழக்காக இருந்ததே அதிகம். பிரதிவாதி நான், நீதிபதி அப்பா, வக்கீல் சித்தி, தீர்ப்பு எழுதியது தில்லிக் குளிர். இன்று அதே அகலத்தில் கால்சட்டை அணிந்து எதிரே வரும் பெண்ணுக்கு இந்த வழக்கு தெரியாது. அவள் விஜயவாடாவில் உடை மாற்றுவதில்லை. அந்த வழக்கு திரும்பி வராததுதான் இந்த மறுவருகையில் எனக்கு மிகப் பிடித்த அம்சம். பழைய நாளை எண்ணி ஏங்குகிறவர்கள் துணியின் விரிவை மட்டும் நினைத்து ஏங்கட்டும். கடிதங்களையும் சேர்த்து ஏங்க வேண்டாம்.

ஆனால், தம்பி தங்கையரே, வழக்குகள் முடிந்துவிட்டன என்று எண்ணாதீர்கள். அவை இடம் மாறியிருக்கின்றன. எந்தப் பாடம் படிப்பது, எத்தனை மணிக்கு விடுதிக்குத் திரும்புவது, யாரை மணப்பது, படித்தபின் எந்த ஊரில் இருப்பது என்று உங்கள் வீட்டிலும் ஒரு கடிதம் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். இப்போது அது தொலைபேசியில் வருகிறது, அவ்வளவே. அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கும் ஒரு சித்தி வேண்டும். இல்லையேல் யாருக்காவது நீங்கள் சித்தியாக வேண்டும்.

என் சித்தி 2009இல் காலமானாள். எழுபதுகளைக் காட்டும் படம் எது வந்தாலும் நான் தவறாமல் பார்க்கிறேன். கதாநாயகன் வருகிறான், தோழர்கள் வருகிறார்கள், காலர் பறக்கிறது. தையல் இயந்திரத்தின் முன் குனிந்து உட்கார்ந்திருக்கும் நைலக்ஸ் புடவைக்காரியை மட்டும் காணோம். விடுமுறையில் ஊருக்குப் போனால் வீட்டிலிருக்கும் பழைய ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். படத்தில் நிற்பவர் அணிந்திருப்பதைக் கண்டு சிரியுங்கள்; தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின், அதைத் தைத்தவர் யார், துணிக்குப் பணம் கொடுத்தவர் யார், அதற்காக வீட்டில் வாதாடியவர் யார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

— ஒரு பழைய மாணவி